கிழக்கே பார்த்த மிஷின்

வாகையூரில் பலகைகளுக்குக் கனம் ஏற ஆரம்பித்த வருஷம் மழையும் நல்ல மழை, மாங்காயும் நல்ல காய்ப்பு, அதனால் இதையும் அந்த வருஷத்து விளைச்சலில் ஒன்றாகத்தான் ஊர் எடுத்துக்கொண்டது. அதற்குக் காரணமான இழைப்பு மிஷின், மலைக்கு அந்தப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு கதவு ஜன்னல் கம்பெனியிலிருந்து, தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தார்ப்பாய் போர்த்திய லாரியில், பிள்ளைத்தாச்சியைக் கூட்டி வருகிற மாதிரி மெதுவாக மேலத்தெருவுக்கு வந்து இறங்கியது. இறங்குகிறபோது உலகம்மாள் சூடம் கொளுத்திச் சுற்றிப் போட்டாள். அவளுக்கு அது இரும்பாகத் தெரியவில்லை. தன் மகனை ஊரில் பிடித்துக் கட்டி வைக்க வந்த தூணாகத் தெரிந்தது.

உலகம்மாளுக்கு இரண்டு பெண்கள், கட்டிக் கொடுத்த இடத்தில் நல்லபடியாக இருந்தார்கள். கடைசி மகன் குத்தாலிங்கம் மஸ்கட்டில் ஒரு பர்னிச்சர் கம்பெனியில் ஒன்பது வருஷம் இருந்தான். அவள் வீட்டுக்காரர் போன அன்றைக்கு, மூத்த மருமகன் செல்போனைத் தூக்கிப் பிடிக்க, அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்துதான் மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். கொள்ளி வைத்ததும் மருமகன்தான். அன்றையிலிருந்து உலகம்மாள் முப்பிடாதி அம்மனிடம் வேறெதுவும் கேட்டதில்லை. நகை கேட்கவில்லை, நோய் தீரக் கேட்கவில்லை, என் பிள்ளை என் கண் முன்னால் இருக்கட்டும் தாயே என்று மட்டும், செவ்வாய் தவறாமல், வெள்ளி தவறாமல், எண்ணெய் விளக்கின் முன்னால் நின்று கேட்டாள். அம்மன் கொஞ்சம் கண் திறந்தாள். குத்தாலிங்கம் திரும்பி வந்தான். வந்தவன் பெட்டியைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிட்டான், சேர்த்த பணத்தைப் போட்டு வாங்குகிற இந்த மிஷின் ஓடினால் இருக்கிறேன், ஓடாவிட்டால் ஆடி முடிந்ததும் விமானம் ஏறிவிடுவேன் என்று.

மிஷினோடு வர வேண்டிய புத்தகம் வரவில்லை. புராணம் மாதிரித் தடியாக ஒரு புத்தகம் இருந்தது உண்மைதான், அதைப் படிக்கத் தெரிந்த போர்மேன் வேலையை விட்டுப் போகும்போது கையோடு கொண்டு போய்விட்டார் என்று விற்றவர்கள் சொன்னார்கள். செய்த கம்பெனியின் பெயர்த் தகடும் இல்லை, தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளை மட்டும் இருந்தது. குத்தாலிங்கம் போட்டோ எடுத்து மஸ்கட் கூட்டாளிகளுக்கு அனுப்ப, ஆளுக்கொரு தேசத்தின் பெயரைச் சொன்னார்கள். அவன் மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, ஒவ்வொரு திருகுக்கும் சாக்பீஸால் நம்பர் போட்டுக் கழற்றி, அதே நம்பர்படி மாட்டி, ஷெட்டின் நடுவில் கான்கிரீட் போட்டு போல்ட்டை இறக்கி இறுக்கி முடிக்க மூன்று வாரம் ஆனது. முடித்த பிறகுதான் அதற்கு இரண்டு வாய் இருப்பதைப் பற்றி யோசித்தார்கள். இந்தப் பக்கமும் மேஜை, அந்தப் பக்கமும் மேஜை. ஒரு பக்கத்து உருளைக்குப் பல் இருந்தது, மறுபக்கத்து உருளை வழுவழுவென்று இருந்தது. பல் இருக்கிற பக்கம்தான் பலகையைக் கவ்வும், அதுதான் நுழைகிற வாய் என்றான் குத்தாலிங்கம். அந்தப் பல்வாய் கிழக்கே பார்த்து இருந்தது. அப்படியானால் பலகை கிழக்கே நுழைந்து மேற்கே வெளியே வரும்.

மேற்கே வரக் கூடாது என்றாள் உலகம்மாள். வாகையூரில் புது அடுப்பில் பால் பொங்கினாலும் கிழக்கே வழிய வேண்டும், புதுச் செக்கில் ஓடுகிற முதல் எண்ணெயும் கிழக்கே வடிய வேண்டும். முதல் பலகை அஸ்தமனத்தைப் பார்த்து வெளியே வந்தால் அந்தத் தொழில் என்ன தொழில்? அவள் சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை, இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள், அவ்வளவுதான். கான்கிரீட்டை உடைக்க மனசில்லாத குத்தாலிங்கம், மூன்றாம் நாள் எலக்ட்ரீசியன் மைதீன் பிச்சையைக் கூட்டி வந்தான்.

மைதீன் பிச்சை மோட்டாரைத் திறந்து பார்த்துவிட்டு, "யக்கா, மூணு பேஸ்ல ரெண்டு வயரை மாத்திக் குடுத்தா மோட்டார் எதிர்ப்பக்கமாச் சுத்தும். மேக்கே போற பலகை கிழக்கே வரும், அம்புட்டுத்தான். ஆனா இதைச் செஞ்சவன் எந்தப் பக்கம் சுத்தணும்னு நெனைச்சுச் செஞ்சானோ, அது புஸ்தகத்தைப் பாத்தவனுக்குல்லா தெரியும்" என்றார்.

"செஞ்சவன் ஊர்லயும் சூரியன் கிழக்கதான உதிச்சிருக்கும்?" என்றாள் உலகம்மாள்.

உங்களிடம் பேசி ஜெயிக்க நான் இன்னொரு தடவை பிறந்து வர வேண்டும் என்று சிரித்துக்கொண்டே அவர் இரண்டு வயரை மாற்றி முறுக்கி டேப் சுற்றினார்.

பங்குனி உத்திரத்தன்று காலையில், எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து, மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு அயினி மரப் பலகையை உள்ளே விட்டார்கள். உள்ளே போகும்போது அது சரியாக ஒரு இஞ்ச் கனம். கிழக்கே வெளியே வரும்போது ஒரு இஞ்சும் இரண்டு நூலும், அதாவது ஒன்றேகால் இஞ்ச், இருந்தது. சுருள் விழவில்லை, தூள் பறக்கவில்லை, பலகை மட்டும் அப்போதுதான் அறுத்த மரம் மாதிரி ஈரமாக, வழவழப்பாக, ரேகை மாறாமல் இருந்தது. குத்தாலிங்கம் மூன்று தடவை அளந்தான். பிறகு ஸ்கேலை மாற்றி அளந்தான். மறுபடி உள்ளே விட்டான், இன்னும் இரண்டு நூல் ஏறியது.

அம்மா, இது மரத்தைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது என்றான். கூடினால் நல்லதுதானே என்று சொல்லி, உலகம்மாள் பலகையின் நெற்றியில் குங்குமம் வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்குள் மேலத்தெரு முழுக்க விஷயம் பரவி, அதற்கடுத்த வெள்ளிக்குள் விஷயம் பழசாகிவிட்டது. கனம் பிடிக்கிறது என்று அதற்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், கதவுக்குக் கனம் பிடிக்கப் போகிறேன் என்றார்கள், மாவு திரிக்கப் போகிறேன் என்கிற மாதிரி. தாத்தா காலத்துக் கதவுகளை நிலையிலிருந்து கழற்றி மாட்டுவண்டியில் கொண்டு வந்தார்கள். உளுத்த பெஞ்சு வந்தது, சப்பை விழுந்த தேங்காய்த் துருவுபலகை வந்தது, பள்ளிக்கூடத்து மேஜை வந்தது, கோயில் சப்பரத்துப் பலகை மேளத்தோடு வந்தது. கல்யாணம் பேச வந்தவர்கள் பெண்ணுக்கு எத்தனை பவுன் என்று கேட்டுவிட்டு, கட்டில் எத்தனை நூல் என்றும் கேட்டார்கள். மளிகைக்கடை ஆவுடையப்பன் அண்ணாச்சி தன் வாசல் கதவுக்கு ஆறு தடவை கனம் பிடித்து, அதைத் திறக்க இரண்டு ஆள் வேண்டியதாகி, வீட்டுக்குள் போவதற்குப் பின்வாசல் வழியைப் பழக்கிக்கொண்டார். பிள்ளைகள் வளர வளரக் கதவில் கோடு கிழித்து வைத்திருந்த ஒருத்தி, அந்தக் கோடெல்லாம் புது மரத்துக்கு அடியில் போய்விட்டதே என்று ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் அவளே சன்னல் கதவைக் கொண்டு வந்தாள்.

குத்தாலிங்கம் ஷெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஷெட் போட்டான். மஸ்கட் பெட்டியைப் பரண்மேல் ஏற்றினான். உலகம்மாள் அவனுக்கு ஜாதகம் பார்க்க ஆரம்பித்தாள். மத்தியானம் அவன் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற சத்தத்தை, அடுப்படியில் நின்று, சாமி பாட்டு கேட்கிற மாதிரி கண்ணை மூடிக் கேட்பாள்.

ஊருக்குக் கிழக்கே ஒரு கால்வாய் ஓடியது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் கீழ்க்கரை. அங்கே இருக்கிறவர்கள்தான் மேலத்தெருவுக்கு வயலறுத்தார்கள், சாணி அள்ளினார்கள், சாவுச் செய்தி சொன்னார்கள். அங்கிருந்து மாடத்தி என்கிற பெண், ஷெட் கூட்டிப் பெருக்க வருவாள். மரச்சுருளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போய் அடுப்பெரிக்கலாம் என்பதுதான் பேச்சு. சுருளே விழாத மிஷினாக இருந்ததால் சாக்கை மடித்துக் கொண்டு வந்து மடித்தே கொண்டு போனாள். சித்திரைக் கடைசியில்தான், தரையைக் கூட்டிக்கொண்டே, எங்கள் கதவில் வெளிச்சம் தெரிகிறது தாயி என்றாள்.

கரையான் பிடித்திருக்கும் என்றாள் உலகம்மாள். கரையான் என்றால் மண் இருக்குமே, ஒரு பொட்டு மண் கிடையாது, பலகை தன்னால் மெலிகிறது என்றாள் மாடத்தி. அவள் வீட்டுக் கதவு மட்டும் இல்லை. கீழ்க்கரையில் உலக்கைகள் குச்சியாகிக்கொண்டிருந்தன. கட்டில் கால்கள் முருங்கைக்காய் கனத்துக்கு வந்துவிட்டன. ஏணியில் ஏறினவர்கள் படியோடு கீழே வந்தார்கள். ஒரு கிழவர் ஊன்றிப் போன கைத்தடி பாதி வழியில் ஈர்க்குச்சியாக வளைந்து அவரைக் கால்வாயோரத்தில் உட்கார வைத்துவிட்டது.

ஏறுகிற கனம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்காமலிருந்த கேள்விக்குப் பதில் ஒரு கதவின் ஓரத்தில் தெரிந்தது. கீழ்க்கரைக் கதவுகள் எல்லாமே நீலம், எந்தக் காலத்திலோ ஒரு டின் நீலப் பெயிண்ட் அங்கே இலவசமாக வந்திருந்தது. கனம் பிடித்த பலகையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், பழைய மரத்துக்கும் புது மரத்துக்கும் நடுவில், தலைமுடி கனத்துக்கு ஒரு நீலக் கோடு ஓடியது. குத்தாலிங்கம் அதைப் பார்த்தான். உலகம்மாளும் பார்த்தாள். அதற்கப்புறம் ஷெட்டில் பலகையைக் குறுக்கே அறுப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்கள்.

ஆனாலும் இந்த மாதிரி விஷயம் மூடி வைத்தால் நிற்காது, மேலத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அங்கே நல்லவர்கள்தான் நிறையப் பேர். அவர்களுக்கு வருத்தமாக இருந்தது. பலகையின் நீளம் குறையவில்லையே, கனம்தானே குறைகிறது என்றார் ஒருவர். கதவு லேசாக இருந்தால் திறக்க வசதி என்றார் ஆவுடையப்பன் அண்ணாச்சி, அனுபவப்பட்டவர் என்பதால் அதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எல்லா வீட்டிலும் பழைய சேலை எடுத்துக் கீழ்க்கரைக்குக் கொடுப்போம், வாசலுக்குத் தொங்கவிட்டுக்கொள்ளட்டும் என்று முடிவாகி, நல்ல சேலைகளாகவே கொடுத்தார்கள். கீழ்க்கரைப் பிள்ளைகள் நாலு பேர் மனு எழுதிக் கொடுத்து, தாலுகா ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மேலத்தெருக் கதவுகளைத் தட்டித் தட்டிப் பார்த்து, இப்படி மரம் இந்தக் காலத்தில் கிடைக்காது என்று ஆச்சரியப்பட்டு, தன் ஆபீஸ் நாற்காலியை மறுநாள் ஜீப்பில் அனுப்பி வைத்தார்.

கீழ்க்கரையும் பழகிக்கொண்டது. அங்கே தட்டுவதற்குக் கதவு இல்லாமல் போனதால், வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று இருமினார்கள். ஒரு இருமல் என்றால் சொந்தக்காரர், இரண்டு என்றால் அசலார். புருஷன் பெஞ்சாதி பேச்சை வயல்காட்டுக்குப் போய் வைத்துக்கொண்டார்கள். நாய்கள் நடுவீட்டில் படுத்தன.

உலகம்மாளுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. ஊர் ஏதேதோ சொல்லலாம். கிழக்கே என்று இரண்டு நாள் பட்டினி கிடந்தது அவள். விளக்கேற்றி நிற்கும்போது, ரெண்டு வயரு, ரெண்டே ரெண்டு வயரு என்று வாய் தன்னால் முணுமுணுக்கும். அப்போதெல்லாம் அம்மன் முகத்தைப் பார்க்காமல் அம்மன் காலைப் பார்த்துக்கொண்டே கும்பிட்டுவிட்டு வந்தாள்.

ஆனி மாதம் மாடத்தி கூட்டுமாறு இல்லாமல் வந்து நின்றாள். அவள் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், மாதம் நெருங்கிவிட்டது. "கதவு போனதைக் கேட்டு வரலை தாயி. நேத்துலருந்து ஓட்டைத் தாங்குத கைமரம் மெலியுது. படுத்துக்கிட்டு அண்ணாந்து பாத்தா ஓடு அசையுது. எம்மவ அதுக்குக் கீழதான் படுத்திருக்கா. போனது போவட்டும், மிஷினை மட்டும் நிப்பாட்டச் சொல்லுங்க" என்றாள். அழவில்லை. கணக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

உலகம்மாள் அன்று மத்தியானம் மகனுக்குச் சோறு போட்டுவிட்டு மெல்லப் பேச்செடுத்தாள். வயரைப் பழையபடி மாற்றினால் அது மற்ற மிஷின் மாதிரி இழைக்கும்தானே, அந்த வேலையைச் செய்தால் போதாதா என்று கேட்டாள். குத்தாலிங்கம் கோபப்படவில்லை. அவனுக்கும் கைமரம் போகும் செய்தி தெரிந்திருந்தது. குழம்பைப் பிசைந்துகொண்டே இருந்தான், பிசைந்தது போதும் என்று தெரிந்தும் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சும்மா இழைக்குத மிஷின் டவுன்ல மூணு ஓடுது. நாலாவதா நான் இங்க உக்காந்து ஈ ஓட்டவா? எனக்கு விசா இன்னும் உசுரோடதான் இருக்கு" என்றான். பிறகு, "நீ மாத்துன்னு சொல்லு, இன்னைக்கே மாத்திருதேன். மாத்திட்டுப் போயிருதேன். நீயே சொல்லும்மா" என்றான்.

அம்மனிடம் பூக்கட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

வாகையூரில் மனிதரால் தீராததைப் பூக்கட்டிப் பார்த்துத்தான் தீர்ப்பார்கள். வாழை இலைக் கிழிசலில் வெள்ளைப்பூ ஒரு பொட்டணம், சிவப்புப்பூ ஒரு பொட்டணம், இரண்டையும் ஒன்று போலக் கட்டி அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வந்தது அம்மன் வாக்கு, அதற்கு மேல் ஒருவரும் பேசக் கூடாது. வெள்ளைப் பிச்சி வந்தால் வயரை மாற்றுவது, செவ்வரளி வந்தால் இருக்கிறபடி இருப்பது என்று பேசிக்கொண்டார்கள். எடுக்கிறது மாடத்தியாக இருக்கட்டும், அவளுக்கும் மனசு ஆறும் என்று உலகம்மாளே சொன்னாள். அவள் மனசு எவ்வளவு பெரிசு என்று மேலத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில், குளித்து, ஈரத் தலையோடு, பூஜை அறையில் உட்கார்ந்து உலகம்மாள் பொட்டணம் கட்டினாள். முதலில் அரளியைக் கட்டினாள். பிறகு பிச்சியைக் கையில் எடுத்தாள். எடுத்த கையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே குத்தாலிங்கம் பல் தேய்த்துக்கொண்டே யாருடனோ சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. அவள் பிச்சியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டாவது பொட்டணத்திலும் அரளியையே கட்டினாள். வாசனையில்லாமல் போனால் தெரிந்துவிடுமே என்று, மிச்சமிருந்த பிச்சியைக் கசக்கி இரண்டு இலையின் மேலும் தேய்த்தாள். நாற்பது வருஷமாக அம்மனுக்கு விளக்குப் போட்ட விரல்கள், இரண்டு முடிச்சையும் ஒன்று போலப் போட்டன.

கோயில் வாசலில் தெருவே நின்றது. மாடத்தி படிக்குக் கீழே நின்றாள், எப்போதும் நிற்கிற இடம். பூசாரி தட்டை அவளிடம் இறக்கிக் கொண்டு வந்து நீட்டினார். அவள் கண்ணை மூடி, உதடு அசைய, ஒரு பொட்டணத்தைத் தொட்டு, வேண்டாமென்று விட்டு, மற்றதை எடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு.

மேலத்தெரு ஆட்கள் மூச்சை விட்டதுதான் கேட்டது. மாடத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மனே சொன்ன பிறகு என்ன இருக்கிறது, மகளை அவள் மாமியார் ஊருக்கே கூட்டிப் போய்விடுகிறேன், நீங்கள் மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள் தாயி என்று, படிக்குக் கீழே நின்றபடியே, உலகம்மாளுக்கு ஆறுதல் சொன்னாள். உலகம்மாள் தலையை ஆட்டினாள்.

கூட்டம் கலைந்தது. ஷெட்டில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. பூசாரி தட்டைக் கழுவ எடுக்கும்போது, போகத் திரும்பிய மாடத்தி நின்றாள்.

"பிரிக்காத அந்தப் பொட்டணத்தைக் குடுங்க சாமி. நல்லா மணக்குது. வழி அனுப்புத பிள்ளை தலையில அம்மன் பூவா வச்சு விடுதேன்" என்றாள்.

உலகம்மாள் வாயைத் திறப்பதற்குள் பூசாரி அதை அவள் கையில் போட்டுவிட்டார். மாடத்தி இலையைப் பிரித்தாள். பிரித்ததைப் பார்த்தாள். இலையை மோந்து பார்த்தாள். பிறகு உலகம்மாளின் விரல்களைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. பூசாரி உள்ளே விளக்கைத் தூண்டிக்கொண்டிருந்தார். கோயில் வாசலில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தார்கள்.

மாடத்தி இலையை மறுபடி மூடி, அவள் ஒருநாளும் ஏறாத படியில் ஒரு படி ஏறி, அதை உலகம்மாளின் கையில் வைத்தாள்.

"ரெண்டும் ஒரே பூவாத்தான் இருக்கு தாயி. அம்மனுக்கே மாலையாக் கட்டிப் போட்டிருங்க. கலர் பாத்துத் தொடுக்க வேண்டியதில்லை, வேலை லேசு" என்றாள்.

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கால்வாய்ப் பாலத்தில் அவள் தலை மறைகிற வரைக்கும் உலகம்மாள் நின்றாள். பிறகு கோயில் படியிலேயே உட்கார்ந்து, சொன்னபடிக்கு, நார் கிழித்து, இரண்டு பொட்டணத்துப் பூவையும் தொடுத்தாள். ஒரு முழம்கூட வரவில்லை. பூசாரி வாங்கி அம்மன் கழுத்தில் போட்டார்.

மத்தியானம் குத்தாலிங்கம் சாப்பிட வந்தான். உடம்பெல்லாம் வியர்வை, தூள் ஒரு பொட்டு இல்லை. இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டான்.

"அம்மன் என்னம்மா சொன்னா?" என்று, தெருவில் கேள்விப்பட்டதையே அவளிடம் மறுபடி கேட்டான்.

"உன்னை இருக்கச் சொன்னா" என்றாள் உலகம்மாள், அப்பளத்தை நொறுங்காமல் எடுத்து அவன் இலையில் வைத்துக்கொண்டே.